ட்ரோனுக்கு டெப் வாங்கப் போறீங்களா? காசை எண்ணிக் கொடுக்க முன் ஒரு பாடம்



இந்தப் பக்கத்தில் வீட்டுக்குப் பயன்படக்கூடிய ஒரு விசயத்தை எடுத்து, பாடமாகச் சொல்லி வருகிறோம். சேமலாப நிதிப் பாரம் நிரப்புவது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்துவது என்று எழுதியிருக்கிறோம். இந்த முறை விசயம் கொஞ்சம் புதுசு. கெமரா ட்ரோனைப் பறக்க விடுவதற்கு ஒரு அண்ட்ராய்ட் டெப்லட்டை, அதாவது நாம் டெப் என்று சொல்லும் சாமானை, எப்படிப் பார்த்து எடுப்பது என்பதுதான் பாடம். "இது நமக்கு எதுக்கு?" என்று கேட்காதீங்க. கீழே உள்ளதைப் படிங்க.

சில மாதங்களுக்கு முன் ஒரு சம்பளக் கிழமை. பிரட்டு கலைந்த பிறகு ஒரு அம்மா எங்கள் ஒபிசுக்கு வந்தார். மேல்கணக்கில் கொழுந்து எடுக்கிறவர். கையில் ஒரு கடைப் பை. பைக்குள் பத்து அங்குல டெப் ஒன்று, பெட்டியோடு இருந்தது. அவருடைய மகன் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பிய தம்பி. கூட்டாளியோடு சேர்ந்து பாவித்த கெமரா ட்ரோன் ஒன்றை எடுத்து, கலியாணம், சடங்கு, கோயில் திருவிழா என்று வீடியோ பிடிக்கத் தொடங்கியிருந்தார். "போன்ல பார்த்தா சின்னதா தெரியுது, பெரிய டெப் ஒண்ணு இருந்தா வேலை சுத்தமா இருக்கும்" என்று கேட்டிருக்கிறார். அம்மாவும் ரெண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்துக் காசு கொடுத்திருக்கிறார்.

டெப் வந்தது. ஆனால் ட்ரோனுக்குரிய அப் அதில் ஏறவே இல்லை. கடைக்காரரிடம் கொண்டு போனதற்கு, "பெட்டியை உடைச்சாச்சு, சாமான்ல பழுதும் இல்லை, திருப்பி எடுக்க ஏலாது" என்று சொல்லிவிட்டார்கள்.

"ஐயா, இதுக்கு என்னதான் குறை? டீவி மாதிரி பெரிசா இருக்கு. படம் ஓடுது, பாட்டு ஓடுது. எம் மகன் சொல்ற அது மட்டும் ஓட மாட்டேங்குதே" என்று அந்த அம்மா கேட்ட கேள்விக்கு அன்று எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அந்தத் தம்பியோடு உட்கார்ந்து, இந்த வேலையை நாலைந்து வருடமாகச் செய்கிறவர்களிடமும் கேட்டு, ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டோம். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். இன்னொரு வீட்டுச் சங்கிலி இப்படி அடகுக்குப் போகக் கூடாது என்பதே எங்கள் நோக்கம்.

1. டெப் செய்கிற வேலை எது, செய்யாத வேலை எது?

ட்ரோன் வேலையில் மூன்று சாமான் இருக்கிறது. முதலாவது, மேலே பறக்கிற ட்ரோன். கெமரா அதில்தான் இருக்கிறது. இரண்டாவது, கையில் பிடிக்கிற ரிமோட். ட்ரோனோடு பேசுவது அதுதான். மூன்றாவது, ரிமோட்டோடு வயரால் சேர்க்கிற போன் அல்லது டெப். ட்ரோன் அனுப்புகிற படத்தைக் காட்டுவதும், எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம், பெட்டரி எவ்வளவு மிச்சம் என்று சொல்வதும், கெமராவை மாற்றி அமைப்பதும் இதன் வேலை.

இங்கே இரண்டு உண்மைகளை மனதில் வைத்துக்கொள்ளுங்க. ஒன்று, நல்ல வீடியோ பதிவாவது ட்ரோனுக்குள் போடுகிற சின்ன மெமரி காட்டில். டெப்பில் அல்ல. ஆகவே "256 ஜீபீ இடம் இருக்கு, எடுங்க" என்று கடைக்காரர் சொன்னால் அதற்காக மேலதிகக் காசு கொடுக்கத் தேவையில்லை. அப்பும், மெப்பும், கொஞ்சம் தற்காலிகப் படமும் நிற்க இடமிருந்தால் போதும்.

மற்றது, பறக்கும்போது டெப்பில் தெரிகிற படம் பதிவாகிற படத்தைவிடக் குறைந்த தரமுடையது. உதாரணமாக, சீனாவின் டீஜேஐ கம்பனி 2020 நவம்பரில் வெளியிட்ட மினி 2 என்ற சின்ன ட்ரோன் 4கே தரத்தில் பதிவு செய்யும். ஆனால் கீழே டெப்புக்கு அனுப்புவது 720பி தரத்தில்தான். டெப்பின் திரை எவ்வளவு விலை கூடிய திரையாக இருந்தாலும் வருகிற படம் அதுவேதான்.

கூடை பெரிசா இருந்தா கொழுந்து தானா நிறையுமா? இல்லையே. அதே கதைதான் இதுவும். திரை பெரிதானால் பார்க்க வசதி, அவ்வளவுதான். வீடியோவின் தரம் அதனால் கூடாது.

2. முதலில் பார்க்க வேண்டியது அப் ஏறுமா என்பதே

இந்த அம்மாவின் மகன் தவறிய இடம் இதுதான். திரையைப் பார்த்தார், விலையைப் பார்த்தார், அப்பைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு ட்ரோனுக்கும் அதற்குரிய அப் உண்டு. டீஜேஐ கம்பனியின் மினி வகைகளுக்கு டீஜேஐ ஃப்ளை என்ற அப். 2016இல் வந்த மேவிக் ப்ரோ, 2018இல் வந்த மேவிக் 2 போன்ற பழையவற்றுக்கு டீஜேஐ கோ 4 என்ற வேறு அப். ஆகவே முதலில் உங்கள் ட்ரோனின் சரியான பெயரை ஒரு துண்டில் எழுதுங்க. அதற்கு எந்த அப் என்று அதன் கீழே எழுதுங்க. அதற்குப் பிறகுதான் டெப்பைப் பற்றிப் பேச வேண்டும்.

அப் ஏறி ஒழுங்காக ஓடுவதற்கு டெப்பில் பார்க்க வேண்டியவை:

அண்ட்ராய்ட் பதிப்பு. ஒவ்வொரு அப்புக்கும் ஒரு கீழ் எல்லை இருக்கிறது. அதற்குக் குறைந்த பதிப்பு உள்ள டெப்பில் ஏறாது. புதிய பதிப்பு இருந்தால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். பழைய ட்ரோனின் பழைய அப், புத்தம் புதிய டெப்பில் ஓடுமா என்பதையும் ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

64 பிட். இதைக் கடையில் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். டெப்பின் மூளை 64 பிட் ஆக இருந்தாலும், சில மலிவு டெப்களில் கம்பனி போட்டு அனுப்புகிற அண்ட்ராய்ட் 32 பிட் ஆகவே இருக்கும். 64 பிட்டுக்காகச் செய்த அப் அதில் ஏறாது. அந்தத் தம்பியின் டெப்பில் இருந்த குறை இதுதான். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சீபீயூ-இசட் என்ற இலவச அப்பைப் போட்டுப் பார்த்தால் டெப்பின் உள்விபரங்களைக் காட்டிவிடும்.

ரெம். டெப் ஒரே நேரத்தில் எவ்வளவு வேலையைத் தாங்கும் என்பது இதில் இருக்கிறது. 4 ஜீபீ இருந்தால் நல்லது, 6 இருந்தால் இன்னும் நிம்மதி. இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. பெட்டியில் "8 ஜீபீ" என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் "4+4" என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். உண்மையான ரெம் முதல் 4 மட்டும்தான். மற்ற 4 சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, வேகம் குறைந்தது. கடன் வாங்கிய காசைச் சம்பளம் என்று கணக்கெழுதினால் எப்படி இருக்கும்? அதுபோலத்தான் இது.

இன்னொன்று. டீஜேஐ ஃப்ளை அப்பை அண்ட்ராய்டின் ப்ளே ஸ்டோரில் தேடினால் கிடைக்காது. அந்தக் கம்பனியின் சொந்த இணையத்தளத்திலிருந்துதான் இறக்க வேண்டும். "என்கிட்ட இருக்கு, அனுப்பி விடுறேன்" என்று கூட்டாளி சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்க. யார் கையால் வந்தது என்று தெரியாத அப், டெப்பையும் கெடுக்கும், அதில் உள்ள உங்கள் விபரங்களையும் கொண்டுபோகும். அதே இணையத்தளத்தில் எந்தப் போன், எந்த டெப்பில் அப்பைச் சோதித்துப் பார்த்தோம் என்று பட்டியலும் போடுவார்கள். நீங்கள் பார்க்கிற டெப் அதில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லாவிட்டால் ஓடவே ஓடாது என்று அர்த்தமில்லை. ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது என்று அர்த்தம்.

3. ரிமோட்டில் பிடிக்குமா?

மினி 2, மினி 3 போன்ற ட்ரோன்களோடு வருகிற ஆர்சி-என்1 என்ற ரிமோட்டில், போனைப் பிடிக்கிற கவ்வி மேல் பக்கத்தில் இருக்கிறது. அது தாங்கக்கூடிய ஆகப் பெரிய அளவு நீளம் 180, அகலம் 86, தடிப்பு 10 மில்லிமீற்றர். பெரிய போன் ஒன்று பிடிக்கும். டெப் எதுவும் பிடிக்காது, எட்டு அங்குல டெப்பும் பிடிக்காது.

ஆகவே டெப் எடுத்தால் அதற்குத் தனியாக ஒரு தாங்கி வாங்க வேண்டும். கழுத்தில் மாட்டுகிற பட்டியும் தேவைப்படும். ஏன் என்றால், அந்த ரிமோட்டே 390 கிராம் வரும். பத்து அங்குல டெப் ஏறக்குறைய அரைக் கிலோ. தாங்கியையும் சேர்த்தால் ஒரு கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பெருவிரலால் மெதுவாக ஓட்ட வேண்டும். அரை மணித்தியாலம் நின்று பாருங்க, கொழுந்துக் கூடை சுமந்த தோளுக்கே வலி தெரியும்.

எங்கள் அனுபவத்தில், டெப் கட்டாயம் என்றால் எட்டு அங்குலமே போதும். பத்து அங்குலம் கலியாண வீட்டுக் கூட்டத்தில் கைக்கு அடங்காது. மலையில் காற்று அடிக்கும்போது பலகை மாதிரி இழுக்கும்.

வயரையும் மறக்காதீங்க. ரிமோட்டோடு வருகிற வயர் போனுக்கு அளவாகக் கட்டையாக இருக்கும். டெப்புக்கு அதைவிட நீளமான வயர் தேவை. சாஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு வயர் உதவாது. தகவலும் போகிற வயர் என்று கேட்டு வாங்குங்க. "டெப் பிழை" என்று சொல்லுகிற பல பேருடைய வீட்டில் பிழை வயரில்தான் இருக்கிறது.

4. வெயிலில் தெரியுமா?

கடைக்குள் மின்சார வெளிச்சத்தில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். கோயில் முற்றத்தில் பன்னிரண்டு மணி வெயிலில் நின்று பார்க்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். உங்கள் முகம்தான் திரையில் தெரியும், ட்ரோன் காட்டுகிற படம் தெரியாது.

திரை வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவால் சொல்வார்கள். ட்ரோன் வேலைக்கென்றே டீஜேஐ கம்பனி 2022இல் கொண்டுவந்த திரையோடு கூடிய ரிமோட்டின் திரை 700 நிட்ஸ். அதன் அளவு ஐந்தரை அங்குலம் மட்டும்தான். பெரிதாக்குவதை விட்டு வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்க. மலிவு டெப்பின் பெட்டியில் நிட்ஸ் கணக்கு பெரும்பாலும் போட்டிருக்காது. போடாமல் விட்டிருந்தால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

சூடும் ஒரு பிரச்சினை. நம்ம மலைநாட்டில் காற்று குளிர்ந்தாலும் வெயில் சுள்ளென்று அடிக்கும். கறுப்புத் திரை வெயிலில் கிடந்தால் சூடேறும். சூடு கூடினால் டெப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளிச்சத்தைத் தானே குறைத்துவிடும், அல்லது வேகம் குறைந்து படம் விட்டு விட்டு வரும். ஆகவே நிழலில் நில்லுங்க. அட்டைப் பெட்டியை வெட்டித் திரைக்கு மறைப்புக் கட்டினாலும் நல்ல உதவி. தடித்த கவரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சூடு வெளியேறும்.

5. ஜீபீஎஸ், சிம், பெட்டரி

ட்ரோனுக்குள்ளேயே ஜீபீஎஸ் இருக்கிறது. ஏறிய இடத்தை அது தானே நினைவில் வைத்து அங்கே திரும்பி வரும். டெப்பில் ஜீபீஎஸ் இல்லாவிட்டாலும் பறக்க விடலாம். ஆனால் மெப்பில் நீங்கள் நிற்கிற இடம் சரியாகத் தெரிய டெப்பிலும் இருப்பது நல்லது. மலிவு டெப் சிலவற்றில் அது இருக்காது. விபரத் தாளில் பாருங்க.

சிம் போடுகிற டெப் அவசியம் இல்லை. அதற்கு விலை கூடுதல். வீட்டுப் போனிலிருந்து ஹொட்ஸ்பொட் போட்டுக்கொள்ளலாம்.

பாவித்த டெப் வாங்குவதில் தவறில்லை. ஆனால் பெட்டரியைப் பாருங்க. முழு வெளிச்சத்தில் அரை மணித்தியாலம் ஓடவிட்டு எத்தனை வீதம் குறைகிறது என்று குறித்துக்கொள்ளுங்க. சாம்சங் கம்பனி 2020இல் வெளியிட்ட கலக்சி டெப் எக்டிவ் 3 போன்ற, வெளிவேலைக்கென்று செய்த எட்டு அங்குல டெப்களில் பெட்டரியைக் கழற்றி மாற்றலாம், அடி விழுந்தாலும் தாங்கும். அவை புதிதாக விலை கூட. நல்ல நிலையில் பாவித்தது கிடைத்தால் யோசிக்கலாம்.

6. டெப் வாங்காமலே முடியுமா?

வாங்குவது எப்படி என்ற பாடத்தில் வாங்காமல் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. தொடங்குகிறவருக்கு, கையில் இருக்கிற நல்ல போன் போதும். ரிமோட்டின் கவ்வி போனுக்காகவே செய்தது. பல போன்களின் திரை மலிவு டெப்பின் திரையைவிட வெளிச்சம் கூடியது. பாரமும் குறைவு.

டெப் பயன்படுகிற இடங்களும் உண்டு. வயது போய்க் கண் மங்கியவர்கள் ஓட்டும்போது, கலியாண வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் நின்று காட்டும்போது, ஒரு மலையின் மண்சரிவையோ கூரைத் தகரத்தையோ உற்றுப் பார்க்க வேண்டியபோது பெரிய திரை கைகொடுக்கும். இப்படியான வேலை உங்களுக்கு வருகிறதா என்று முதலில் பாருங்க. வந்தால் வாங்குங்க. வருமென்று நினைத்து வாங்காதீங்க.

காசுக் கணக்கு போடும் முறையையும் சொல்லுகிறோம். டெப்பின் விலையோடு தாங்கி, வயர், பட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டுங்க. அந்தத் தொகையை அம்மாவின் ஒரு நாள் பேரால் பிரியுங்க. வருகிறது எத்தனை நாள் பேர் என்று தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்க. அதற்குப் பக்கத்தில், இந்த டெப்பால் மட்டும் புதிதாகக் கிடைக்கிற வேலை எத்தனை என்று எழுதுங்க. அடகு வைத்தால் வட்டியையும் சேர்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் மனசு சரி என்று சொன்னால் போய் எடுங்க. சீட்டுக் காசில் எடுப்பது நகையை வைத்து எடுப்பதைவிட நல்லது.

7. கடையில் என்ன செய்ய வேண்டும்?

ஒன்று: ட்ரோனையும் ரிமோட்டையும் வயரையும் கையோடு கொண்டு போங்க. வெறும் கையோடு போகாதீங்க.

இரண்டு: காசு கொடுக்க முன், டெப்பில் அப்பை ஏற்றி, ரிமோட்டைச் சேர்த்து, ட்ரோனைப் பறக்க விடாமல் நிலத்தில் வைத்தே கெமராப் படம் வருகிறதா என்று பாருங்க. பத்து நிமிடம் விடாமல் ஓட வேண்டும். "புதுப் பெட்டியை உடைக்க ஏலாது" என்றால், அதே மாதிரிக் காட்சிக்கு வைத்த டெப்பைக் கேளுங்க. அதுவும் இல்லை என்றால், அப் ஏறாவிட்டால் திருப்பி எடுப்பதாக பில்லில் எழுதித் தரச் சொல்லுங்க. அதுவும் முடியாது என்றால் அடுத்த கடைக்குப் போங்க. கடைகள் நிறைய உண்டு, சங்கிலி ஒன்றுதான்.

மூன்று: டெப்பைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்க.

நான்கு: சிம் போடுகிற டெப் என்றால் அதற்கு ஐஎம்ஈஐ என்ற 15 இலக்க எண் உண்டு. அதை ஐஎம்ஈஐ என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின் இடைவெளி விட்டு அடித்து 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான சாமானா என்று பதில் வரும். பாவித்த சாமானுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்க.

ஐந்து: பில் இல்லாமல் வாங்காதீங்க. பில்லில் மாதிரியின் பெயரும் உத்தரவாதக் காலமும் இருக்க வேண்டும். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். பில் இல்லாத முறைப்பாட்டுக்குப் பலம் குறைவு.

8. பறக்க விட முன்னும் பறக்கும்போதும்

லயத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காது என்பது தெரிந்ததுதானே. ஆகவே முதல் நாளே டவுனிலோ, நல்ல சிக்னல் உள்ள இடத்திலோ அப்பைத் திறந்து, புதுப்பிக்க வேண்டியதைப் புதுப்பித்து, பறக்கப் போகும் இடத்தின் மெப்பையும் திறந்து வையுங்க. கலியாண வாசலில் நின்றுகொண்டு "அப்டேட் கேக்குது" என்று விழிக்கக் கூடாது. பறக்கும்போது போனாக இருந்தால் விமானப் பயண நிலையில் போடுங்க. நடுவில் அழைப்பு வந்து திரையை மறைத்தால் கை தடுமாறும்.

டெப் நின்றுபோனால் பயப்படாதீங்க. ட்ரோனோடு பேசுவது ரிமோட்தான் என்று முதலிலேயே சொன்னோம். டெப் அணைந்தாலும் ரிமோட் பேசிக்கொண்டிருக்கும். ரிமோட்டில் உள்ள திரும்பி வரும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ட்ரோன் ஏறிய இடத்துக்கு வந்து இறங்கும். இதைத் திறந்த வெளியில் முன்கூட்டியே பழகி வையுங்க.

மலையில் இன்னொரு கவனம் தேவை. டெப் காட்டுகிற உயரம், ட்ரோன் ஏறிய இடத்திலிருந்து அளந்த உயரம். பள்ளத்தில் நின்று ஏற்றி மேட்டுப் பக்கம் ஓட்டினால், திரையில் 60 மீற்றர் என்று காட்டும்போதே முன்னால் சவுக்கு மரம் நிற்கும். திரும்பி வரும் உயரத்தை, சுற்றியுள்ள ஆக உயர்ந்த மரத்துக்கும் மேட்டுக்கும் மேலாக வைத்த பிறகே ஏற்றுங்க. மேட்டுக்கு அந்தப் பக்கம் போனால் தொடர்பு அறுந்துவிடும். திரையையே பார்த்துக்கொண்டு நிற்காமல் தலையை நிமிர்த்தி ட்ரோனையும் பாருங்க. குளவிக் கூடு உள்ள மரப் பக்கமும் பாறைப் பக்கமும் போகவே வேண்டாம். கீழே கொழுந்து எடுக்கிறவர்கள் நம்ம ஆட்கள்.

சட்டமும் இருக்கிறது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாட்டில் ட்ரோன் பறப்பதை முழுவதும் தடை செய்திருந்தார்கள். அந்தளவுக்குப் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட விசயம் இது. 249 கிராம் ட்ரோனுக்குப் பதிவு தேவையில்லை என்று வெளிநாட்டு வீடியோவில் சொல்வதைக் கேட்டு இங்கே நடக்கக் கூடாது. சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையில் பதிவு செய்து, என்ன அனுமதி தேவை என்று கேட்டு எடுங்க. தோட்டத்துக்கு மேலே பறக்க விடுவதென்றால் தோட்ட நிர்வாகத்திடமும் சொல்லுங்க.

கடைசியாக, தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. பீலியில் குளிக்கிற பெண்களுக்கு மேலே, லயத்து வாசலுக்கு மேலே ட்ரோன் நிற்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. நம்ம பெண்களுக்கு மறைவான இடம் ஏற்கனவே குறைவு. இருக்கிற மறைவையும் நாம் பறிக்கக் கூடாது.

அந்த அம்மாவின் சங்கிலி என்ன ஆனது?

மகனுக்கு அடுத்த கிழமையே ஒரு கலியாணம் பேசியிருந்தது. முற்பணமும் வாங்கியாகிவிட்டது. கூட்டாளியின் போனை ரிமோட்டில் மாட்டி அந்த வேலையை முடித்தார். வீடியோ நன்றாகவே வந்தது. பெரிய திரை இல்லை என்று கலியாண வீட்டில் யாரும் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு வந்த வேலைகளையும் போனிலேயே செய்து, நாலு மாதத்தில் வட்டியோடு சங்கிலியை மீட்டுவிட்டார். அந்தப் பத்து அங்குல டெப்பில் இப்போது தங்கச்சி சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடம் பார்க்கிறாள். அந்தளவில் காசு முழுக்க வீணாகவில்லை.

போன மாதம் தம்பி பாவித்த எட்டு அங்குல டெப் ஒன்று எடுத்தார். இந்த முறை ட்ரோனையும் ரிமோட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனார். அம்மாவும் கூடப் போயிருக்கிறார். "மொதல்ல அது ஓடுதான்னு காட்டுங்க, பொறகு காசு தாரேன்" என்று கடைக்காரரிடம் சொன்னது அம்மாதானாம். அதை எங்களிடம் சொல்லும்போது அவர் கழுத்தில் சங்கிலி இருந்தது.

வீட்டில் கூடிப் பேசிப் பார்க்க:

1. நம் வீட்டில் கடைசியாக வாங்கிய மின்சாமான் எது? வாங்க முன் அதை ஓட்டிப் பார்த்தோமா?

2. ட்ரோன் வீடியோ எங்கே பதிவாகிறது? அப்படியானால் டெப்பில் எவற்றுக்குக் காசு கொடுப்பது வீண்?

3. "4+4" என்று பெட்டியில் இருந்தால் உண்மையான ரெம் எவ்வளவு?

4. பறக்கும்போது டெப் அணைந்துவிட்டால் முதலில் என்ன செய்வீங்க?

5. நீங்கள் வாங்க நினைக்கும் சாமானின் விலை எத்தனை நாள் பேர்? கணக்குப் போட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தால் அந்தத் தாளோடு எங்கள் ஒபிசுக்கு வாங்க. சேர்ந்து பார்ப்போம்.